மாநாட்டு பேப்பர் வடிவச் சோதனையில் தேறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பேப்பர் ஏற்கப்பட்டுவிட்டது. கேமரா-ரெடி (அச்சுக்குத் தயாரான இறுதிப்) பிரதியைப் பதிவேற்றியதும் சோதனைக் கருவி திருப்பி அனுப்புகிறது. கெடு நெருங்கும் நேரத்தில் பலரும் செய்யும் முதல் வேலை டெம்ப்ளேட்டுக்குள் (மாநாடு தரும் வடிவ மாதிரிக்குள்) கைவைப்பதுதான். விளிம்பைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பார்கள், எங்கோ கண்ட நாலு பேக்கேஜை (கூடுதல் வசதி தரும் துணைக் கோப்பை) மேலே சேர்ப்பார்கள், எழுத்துருவை மாற்றிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எது பழைய கோளாறு, எது தானாகச் சேர்த்துக்கொண்டது என்று பிரிக்கவே முடியாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். மாநாட்டின் தளத்திலிருந்து டெம்ப்ளேட்டைப் புதிதாக இறக்கி, ஓர் எழுத்துகூட மாற்றாமல் பிடிஎஃப் ஆக்கி, அந்த வெற்று மாதிரியைச் சோதனைக்குக் கொடுங்கள். அது தேறினால் கோளாறு உங்கள் பேப்பரில் இருக்கிறது. அதுவும் தேறாவிட்டால் உங்கள் கணினியின் மென்பொருளிலோ அமைப்பிலோ இருக்கிறது. பேப்பரைத் தொட வேண்டாம்.

கோளாறு பேப்பரில்தான் என்றால் பாதி பாதியாக வெட்டித் தேடுங்கள். கட்டளைகள் எழுதி ஆவணம் அமைக்கும் லேடெக்கில் இது எளிது: ஆவணத்தை முடிக்கும் கட்டளையை நடுப்பக்கத்துக்கு நகர்த்தினால் அதற்குக் கீழே உள்ளது எதுவும் கணக்கில் வராது. பிழை மறைந்தால் அது கீழ்ப்பாதியில். பத்துப் பக்கப் பேப்பரில் நாலைந்து சுற்றில் தேட வேண்டிய இடம் ஒரு பக்கத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். வேர்டிலும் இதே வேலைதான், நகல் கோப்பில் செய்ய வேண்டும், அவ்வளவே.

இனி அறிகுறிகள்.

## "எழுத்துரு உட்பொதிக்கப்படவில்லை" என்கிறது

அதிகம் பேரைத் திண்டாட வைப்பது இதுதான். "என் திரையில் பளிச்சென்று தெரிகிறதே!" என்று தோன்றும். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் தெரிகிறது. பிடிஎஃப்புக்குள் அது இல்லை. இன்னொரு கணினியில் திறந்தால் வேறோர் எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும், கணிதக் குறிகள் கட்டங்களாக மாறும். அதனால்தான் ஐட்ரிபிள்ஈ போன்ற வெளியீட்டாளர்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

எந்த எழுத்துரு என்று முதலில் கண்டுபிடியுங்கள். அடோபி ரீடரில் ஆவணப் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பகுதிக்குப் போனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உட்பொதிந்ததா என்று எழுதியிருக்கும். கட்டளை வரி பழக்கமானவர்கள் பாப்ளர் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கருவியை ஓட்டலாம். பட்டியலில் உட்பொதிவைக் குறிக்கும் கட்டத்தில் "இல்லை" என்று வரும் வரிதான் வேண்டியது.

பட்டியலில் ஹெல்வெட்டிகா, டைம்ஸ், கூரியர், சிம்பல் என்று ஒரு பெயர் வந்தால் உரையைத் தேடாதீர்கள். அநேகமாக அது ஒரு படத்துக்குள்ளிருந்து வருகிறது. பிடிஎஃப் தரத்தில் 14 அடிப்படை எழுத்துருக்கள் உண்டு. எந்தக் கணினியிலும் இருக்கும் என்ற நம்பிக்கையில் வரைபட மென்பொருள்கள் பல அவற்றை உட்பொதிக்காமல் பெயரை மட்டும் எழுதிவிடும். ஆர் மொழியின் வழக்கமான பிடிஎஃப் வெளியீடு அப்படித்தான். கைரோ வழியாக எழுதும் இன்னொரு வெளியீடு அதிலேயே இருக்கிறது, அதற்கு மாறினால் போதும். ஒரு பிடிஎஃப் படத்தைப் பேப்பருக்குள் வைத்தால் அதன் எழுத்துருக் குறையும் கூடவே உள்ளே வந்துவிடும். எனவே படக் கோப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்துவிடுங்கள்.

அடுத்த வகை, "டைப் 3 எழுத்துரு" என்ற புகார். இங்கே எழுத்துரு உள்ளேதான் இருக்கிறது, வகைதான் ஏற்கத்தக்கதில்லை. ஏஏஏஐ, நியூரிப்ஸ் போன்ற மாநாடுகள் டைப் 1 அல்லது உட்பொதிந்த ட்ரூடைப் மட்டும்தான் கேட்கின்றன. வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று பைத்தானில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப்: அதன் இயல்பு அமைப்பில் பிடிஎஃப் எழுத்துரு வகை 3 என்று இருக்கும், அதை 42 என்று மாற்றிப் படங்களைத் திரும்ப உருவாக்க வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் படம் எழுதுபவர்கள் அதற்கான அமைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். மற்றொன்று லேடெக்: டி1 எழுத்துக் குறிமுறையை அழைத்திருப்பீர்கள், ஆனால் சிஎம்-சூப்பர் எழுத்துருத் தொகுப்பு கணினியில் இருக்காது, அப்போது லேடெக் சத்தமில்லாமல் புள்ளிப்பட எழுத்துகளை எடுத்து வைக்கும். உரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்கள் பிசிறடிக்கும். சிஎம்-சூப்பரை நிறுவலாம், டெம்ப்ளேட் தனக்கென்று எழுத்துரு சொல்லாதபோது லேட்டின் மாடர்ன் எழுத்துருவை அழைக்கலாம்.

வேர்டில், சேமிக்கும்போது பிடிஎஃப் விருப்பங்களுக்குள் போய் பிடிஎஃப்/ஏ தரத்துக்கான கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருக்கள் உள்ளே போகும். அங்கேயே, உட்பொதிக்க முடியாத எழுத்துருவில் உள்ள உரையைப் படமாக்கும் ஒரு கட்டமும் இருக்கிறது. சோதனையைக் கடக்க அது உதவும், ஆனால் அந்த உரையைத் தேடவோ நகலெடுக்கவோ முடியாது. அதைவிட அந்த எழுத்துருவையே மாற்றிவிடுவது நல்லது.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிடிஎஃப் கருவியில் மொத்த பிடிஎஃப்பையும் ஒருமுறை ஓட்டி எழுத்துருக்களை உட்பொதிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் இணைப்புகள் அறுந்துபோகலாம், படங்களின் தெளிவு குறையலாம், சில சமயம் மாற்று எழுத்துரு வந்து எழுத்துகளின் அகலம் மாறிப்போகும். மூலப் படம் தொலைந்துபோன நிலையில் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டியபின் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

## படங்களில் எழுத்து படிக்க முடியவில்லை

இதைச் சோதனைக் கருவி சொல்லாது. மதிப்பாய்வாளர் சொல்வார், அதுவும் எரிச்சலோடு.

கணக்கு எளிது. ஐட்ரிபிள்ஈயின் இரட்டை நெடுவரிசை டெம்ப்ளேட்டில் ஒரு நெடுவரிசையின் அகலம் 3.5 அங்குலம். நீங்கள் 10 அங்குல அகலத்தில் 10 புள்ளி (பாயின்ட்) எழுத்தோடு வரைபடம் வரைந்து அதை நெடுவரிசைக்குள் சுருக்கினால் எழுத்து 3.5 புள்ளியாகிறது. பூதக்கண்ணாடி வேண்டும். படத்தைச் சுருக்காதீர்கள், வரையும்போதே 3.5 அங்குல அகலம் என்று அமைத்து, எழுத்தை 8 புள்ளியில் வையுங்கள். பேப்பரில் வைக்கும்போது அளவு மாற்றும் தேவையே வரக்கூடாது. அப்படிச் செய்தால் எல்லாப் படங்களிலும் எழுத்து ஒரே அளவில் இருக்கும், பேப்பர் முழுவதும் ஒரே கையால் செய்ததுபோலத் தெரியும். சின்ன வேலைதான். செய்பவர்கள் குறைவு.

மங்கலாக இருந்தால் கோப்பு வகையைப் பாருங்கள். கோடுகளும் எழுத்துகளும் கொண்ட வரைபடத்தை ஜேபெக்காக வைத்திருந்தால் எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோலப் புள்ளிகள் தெரியும். வரைபடங்களுக்குப் பிடிஎஃப் போன்ற வெக்டர் வடிவம்தான் (பிக்சலாக அல்லாமல் கோடுகளாகவே சேமிப்பது) சரி, முடியாதபோது பிஎன்ஜி. ஜேபெக்கைப் புகைப்படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் படம்பிடித்து ஒட்டுபவர்களுக்கு: 3.5 அங்குலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 1050 பிக்சல் அகலம், 600 டிபிஐ என்றால் 2100. உங்கள் படம் 500 பிக்சல்தான் என்றால் அதை எந்த மென்பொருளில் பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் வராது.

வெக்டர் எல்லா இடத்திலும் நல்லது என்றும் இல்லை. லட்சக்கணக்கான புள்ளிகள் கொண்ட சிதறல் வரைபடத்தை வெக்டராக வைத்தால் அந்தப் பக்கம் திறக்கவே நேரமாகும், கோப்பும் அளவு வரம்பைத் தாண்டும். மேட்பிளாட்லிப்பில் புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, அச்சுகளையும் எழுத்தையும் வெக்டராகவே விட வழி இருக்கிறது. வரையும் கட்டளைக்கு ராஸ்டரைஸ்டு என்ற விருப்பத்தைக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் சோம்பல் பார்க்காமல் செய்யுங்கள்: பேப்பரை ஒருமுறை கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், "சிவப்புக் கோடு எங்கள் முறை" என்ற விளக்கத்துக்குப் பொருளே இல்லை. கோட்டின் பாணியையும் புள்ளியின் வடிவத்தையும் மாற்றி வையுங்கள்.

## "பக்க அளவு தவறு", "விளிம்பு மீறல்"

ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். அமெரிக்க லெட்டர் தாள் 215.9 × 279.4. ஏ4 உயரத்தில் கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் கூடுதல், அகலத்தில் 6 மில்லிமீட்டர் குறைவு. மாநாடு லெட்டர் கேட்டு நீங்கள் ஏ4 கொடுத்தால் எல்லா விளிம்பும் ஒரே நேரத்தில் தவறிப்போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

பிடிஎஃப்இன்ஃபோ கருவியோ ஆவணப் பண்புகளோ பக்க அளவைச் சொல்லும். புள்ளிக் கணக்கில் ஏ4 என்றால் 595 × 842, லெட்டர் என்றால் 612 × 792. தவறு என்றால் டெம்ப்ளேட்டின் முதல் வரியில் தாள் அளவைப் பாருங்கள். ஐட்ரிபிள்ஈயின் லேடெக் வகுப்பு (வடிவத்தை வரையறுக்கும் கோப்பு) இயல்பாக லெட்டர். ஏ4 வேண்டுமென்றால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த வரியில் சரியாக இருந்தும் வெளியே தவறாக வந்தால், பிடிஎஃப் ஆக்கும் வழி சந்தேகத்துக்குரியது: அச்சிடும் சாளரம் வழியாகப் பிடிஎஃப் எடுப்பவர்களுக்கு, தாளுக்குப் பொருந்தச் சுருக்கும் விருப்பம் எல்லாவற்றையும் சில விழுக்காடு சுருக்கிவிடும். அச்சிடாமல் நேரடியாகப் பிடிஎஃப்பாகச் சேமியுங்கள்.

யாராவது விளிம்பை மாற்றும் ஜியோமெட்ரி பேக்கேஜைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கூட்டாக எழுதும் பேப்பரில் இது அடிக்கடி நடக்கும். பழைய பேப்பரின் முகப்பை அப்படியே ஒட்டும்போது கூடவே வந்துவிடும். மாநாட்டு டெம்ப்ளேட்டில் அதற்கு வேலையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கரின் எல்என்சிஎஸ் (அதன் மாநாட்டுத் தொகுதி வரிசை) வடிவத்துக்குப் புதிதாக வருபவர்கள் இன்னொரு வகையில் பயப்படுவார்கள்: உரைப் பகுதி 12.2 × 19.3 சென்டிமீட்டர்தான், ஏ4 தாளில் சுற்றிலும் வெற்றிடம் அதிகமாகத் தெரியும். அது பிழை இல்லை. அச்சுப் புத்தகத்தின் அளவு அது. விளிம்பை "சரிசெய்ய" வேண்டாம்.

## ?? என்றும் [?] என்றும் வருகிறது

லேடெக் ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்வதில்லை. முதல் ஓட்டத்தில் எண்களைக் குறித்து வைக்கும், அடுத்த ஓட்டத்தில் அவற்றை எடுத்துப் போடும். படம், பிரிவு எண்களில் ?? வந்தால் இன்னொருமுறை ஓட்டுங்கள். மேற்கோள்களில் [?] வந்தால் வரிசை இப்படி: லேடெக், பிப்டெக் (மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் நிரல்), லேடெக், லேடெக். லேடெக்எம்கே இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும், ஓவர்லீஃப் உள்ளுக்குள் அதைத்தான் ஓட்டுகிறது. பிப்லேடெக் பேக்கேஜில் எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் பிப்டெக் இடத்தில் பைபர்.

இத்தனைக்குப் பிறகும் [?] நின்றால் பிப்டெக்கின் லாக் கோப்பை (ஓட்டத்தில் நடந்ததை எழுதி வைக்கும் கோப்பை) திறந்து படியுங்கள். "இந்தப் பதிவு கிடைக்கவில்லை" என்றால் மேற்கோள் சாவியில் எழுத்துப்பிழை. ஒரு பதிவில் காற்புள்ளி விட்டுப்போயிருந்தாலும் அது பதிவு வாரியாக அங்கேயே இருக்கும். மக்கள் பிடிஎஃப்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், லாக்கைத் திறக்க மாட்டார்கள்.

கொஞ்சம் வஞ்சகமான அறிகுறி ஒன்று உண்டு. "படம் 4-ஐப் பார்க்க" என்று உரை சொல்கிறது, 4 என்பதோ பிரிவின் எண். படத்தின் எண் 2. எந்தப் பிழைச்செய்தியும் வராது. படத்தின் லேபிளை (குறிப்பிட உதவும் பெயரை) கேப்ஷனுக்கு (பட விளக்கத்துக்கு) முன்னால் எழுதியிருப்பீர்கள். எண்ணை உருவாக்குவது கேப்ஷன்தான். லேபிள் அதற்குப் பின்னால் வர வேண்டும்.

## மேற்கோள் பட்டியல் அலங்கோலமாக இருக்கிறது

தலைப்பில் "டிஎன்ஏ" போன்ற சுருக்கங்களும் மொழிப் பெயர்களும் சிறிய எழுத்தாக மாறியிருந்தால், பிப்டெக் பாணி தலைப்பைச் சிறிய எழுத்தாக்குகிறது என்று பொருள். மாறக்கூடாத சொல்லை மட்டும் நெளிவு அடைப்புக்குள் வையுங்கள். முழுத் தலைப்பையும் அடைத்தால் அந்த மாநாட்டின் பாணியே செயலிழக்கும்.

ஆசிரியர்கள் பாதிப் பேர் காணவில்லை, அல்லது பெயர்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கின்றன என்றால், பெயர்களுக்கு இடையே காற்புள்ளி போட்டிருக்கிறீர்கள். பிப்டெக்கில் பெயர்களைப் பிரிப்பது "அண்ட்" என்ற ஆங்கிலச் சொல் மட்டும்தான். காற்புள்ளி ஒரே ஆளின் பெயருக்குள் குடும்பப் பெயரைப் பிரிக்கத்தான். நிறுவனமே ஆசிரியர் என்றால் இரட்டை நெளிவு அடைப்பு போடாவிட்டால் அதன் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொள்ளும்.

ஐட்ரிபிள்ஈ பாணியில், அடுத்தடுத்து ஒரே ஆசிரியர்கள் வந்தால் இரண்டாவது பதிவில் பெயருக்குப் பதில் நீண்ட கோடு வரும். பலரும் இதைப் பழுது என்று நினைத்துக் கையால் திருத்தப் பார்க்கிறார்கள். அது அந்தப் பாணியின் இயல்பு. வேண்டாமென்றால் நிறுத்த அதற்கென்றே ஒரு கட்டுப்பாட்டுப் பதிவு இருக்கிறது.

இன்னொன்று: பிழைச்செய்தி பிபிஎல் கோப்பின் ஏதோ ஒரு வரியைக் காட்டுகிறது, நீங்கள் அந்தக் கோப்பை எழுதவே இல்லை. பிப்டெக் எழுதியது அது. இதழ்ப் பெயரில் & குறியோ இணைய முகவரியில் அடிக்கோடோ முன்னால் பின்சாய்கோடு இல்லாமல் உட்கார்ந்திருக்கும். மூலப் பட்டியலில் திருத்தி, பிபிஎல் கோப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். பிபிஎல்லுக்குள் திருத்தினால் அடுத்த ஓட்டத்தில் போய்விடும்.

தேடுபொறிகள் தரும் பதிவுகளை அப்படியே நம்பாதீர்கள். மாநாட்டில் வெளியான பேப்பருக்கு முன்பிரதிப் பதிவைத் தருவதும், பக்க எண் விட்டுப்போவதும் சாதாரணம்.

## படங்கள் எங்கோ போய் நிற்கின்றன

லேடெக்கில் படம் மிதக்கும் பொருள். சொன்ன இடத்தில்தான் நிற்கும் என்று எதிர்பார்ப்பதுதான் பாதிப் பிரச்சினை. "இங்கே" என்று மட்டும் இடக்குறி கொடுத்தால் லேடெக் தானாகவே "இங்கே அல்லது மேலே" என்று மாற்றிக்கொண்டு ஓர் எச்சரிக்கையையும் எழுதும். மாநாட்டு பேப்பரில் படங்கள் நெடுவரிசையின் உச்சியில் நிற்பதே அழகு, பல டெம்ப்ளேட்கள் கேட்பதும் அதையே.

இரண்டு நெடுவரிசைக்கும் குறுக்கே வரும் அகலப் படம் இன்னும் பிடிவாதமானது. அது வழக்கமாகப் பக்கத்தின் உச்சியில் மட்டும் வரும், அதுவும் மூலத்தில் எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். மூன்றாம் பக்கத்தில் தெரிய வேண்டுமா? அதன் குறிமுறையை இரண்டாம் பக்க உரைக்கு நடுவில் வையுங்கள். எல்லாப் படங்களும் பேப்பரின் கடைசியில் குவிந்துவிட்டால், முன்னால் உள்ள ஏதோ ஒன்று பெரிதாகி இடம் கிடைக்காமல் மற்றவற்றை மறித்து நிற்கிறது. வரிசை மாறக்கூடாது என்பதால் பின்னால் உள்ளவையும் காத்திருக்கின்றன. அந்த முதல் படத்தைச் சிறிதாக்குங்கள், மற்றவை தாமாக இடம் பிடித்துக்கொள்ளும்.

இவற்றைக் கடைசியில் செய்யுங்கள். உரை முடியும் முன்பே படங்களை நகர்த்துவது வீண் வேலை. ஒரு பத்தி சேர்த்தால் எல்லாம் மாறிவிடும்.

## வரி நெடுவரிசையைத் தாண்டி நீள்கிறது

லாக்கில் "ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்" என்று எத்தனை புள்ளி மீறல் என்பதோடு எழுதியிருக்கும். ஒரு புள்ளி 0.35 மில்லிமீட்டர், அரைப் புள்ளி மீறலை விட்டுவிடலாம், பத்துப் புள்ளி மீறலைக் கண்டிப்பாகச் சரிசெய்ய வேண்டும். ஓவர்ஃபுல்ரூல் என்ற அளவை 5 புள்ளியாக வைத்தால் மீறிய வரிகளுக்குப் பக்கத்தில் கறுப்புக் கட்டம் தெரியும். கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள். நீண்ட இணைய முகவரிதான் காரணம் என்றால் எக்ஸ்யூஆர்எல் பேக்கேஜ் அதை எங்கு வேண்டுமானாலும் உடைக்கும். சமன்பாடு என்றால் இரண்டு வரியாக்குங்கள். எழுத்தைச் சிறிதாக்கி அடைக்காதீர்கள். அட்டவணை என்றால் தேவையற்ற தசம இலக்கங்களை நீக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

## அரைப் பக்கம் அதிகமாக இருக்கிறது

இங்கேதான் நல்லவர்களும் தவறான வழிக்குப் போகிறார்கள். தலைப்புகளுக்கு மேல் எதிர்ம இடைவெளி, சுருக்கிய வரியிடைவெளி, ஒரு புள்ளி குறைத்த உரை. இவற்றைத் தெளிவாகத் தடைசெய்யும் மாநாடுகள் பல. மதிப்பாய்வுக்கே அனுப்பாமல் நிராகரிப்பதும் உண்டு. பத்து பேப்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மதிப்பாய்வாளருக்கு நெருக்கிய பக்கம் உடனே தெரியும்.

சட்டப்படி இடம் பிடிக்க முதலில் பத்திகளின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு சொற்களோடு முடியும் பத்தி ஒவ்வொன்றும் ஒரு முழு வரியை விழுங்குகிறது. அந்தப் பத்தியில் இரண்டு சொல்லைக் குறைத்தால் ஒரு வரி மிச்சம். இப்படி இருபது பத்தி கிடைத்தால் நெடுவரிசையில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்துவிடும், உரையும் மேம்படும். அடுத்து, ஒரே அச்சுகளைக் கொண்ட இரண்டு வரைபடங்களை ஒன்றாக்குங்கள். "இக்கட்டுரையின் அமைப்பு வருமாறு" என்ற பத்தியை நான் தயங்காமல் வெட்டுவேன். ஆறு பக்கப் பேப்பரில் அதைப் படித்து வழி கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. மைக்ரோடைப் பேக்கேஜ் எழுத்திடைவெளியை நுட்பமாகச் சரிசெய்து சில வரிகளைத் தரும், ஆனால் பேக்கேஜ் சேர்க்கக்கூடாது என்ற விதி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மேற்கோள் பட்டியல் பக்க வரம்புக்குள் வருமா வெளியே நிற்குமா என்பது மாநாட்டுக்கு மாநாடு மாறும். மாநாட்டின் கட்டுரை அழைப்பில் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்தாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

## வேர்டில் மட்டும் வரும் வினோதங்கள்

படத்தின் கீற்று மட்டும் தெரிகிறது, மீதி காணவில்லை: படம் நிற்கும் பத்தியின் வரியிடைவெளி "சரியாக இத்தனை புள்ளி" என்று கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பத்திக்கு மட்டும் ஒற்றை இடைவெளி கொடுங்கள், படம் முழுதாக எழுந்து நிற்கும். சமன்பாட்டின் தலை வெட்டுப்படுவதற்கும் காரணம் இதுவே.

தெளிவான படத்தை ஒட்டினேன், சேமித்துத் திறந்தால் மங்கல்: வேர்ட் சேமிக்கும்போது படங்களைச் சுருக்குகிறது. மேம்பட்ட விருப்பங்களில் படங்களைச் சுருக்காதே என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் படங்களைப் புதிதாகச் செருகுங்கள். ஏற்கெனவே சுருங்கியவை திரும்பி வராது.

தலைப்பும் இரண்டு நெடுவரிசையாகிவிட்டது: ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே இருந்த தொடர் பிரிவு முறிப்பை யாரோ அழித்துவிட்டார்கள். மறைகுறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் முறிப்புகள் கண்ணில் படும்.

"குறிப்பின் மூலம் கிடைக்கவில்லை" என்ற பிழைவரி பிடிஎஃப்பில் அச்சாகிறது: குறுக்குக் குறிப்பு காட்டிய படத்தை நீக்கியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்திப் புலங்களைப் புதுப்பித்து, அந்தச் சொற்றொடரைத் தேடிப் பிடியுங்கள். இதைச் செய்யாமல் வெளியான பேப்பர்களை நூலகங்களில் இன்றும் பார்க்கலாம்.

## பெயர் மறைக்கப்பட்ட பேப்பரில் பெயர் கசிகிறது

ஆசிரியர் யாரென்று தெரியாமல் மதிப்பாய்வு நடக்கும் மாநாடுகளில், முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் போதாது. பிடிஎஃப்பின் பண்புகளில் ஆசிரியர் புலத்தைப் பாருங்கள். வேர்டில் ஆவணத்தைப் பரிசோதிக்கும் வசதி இதையும் கருத்துக் குறிப்புகளையும் சேர்த்து அகற்றும். ஏசிஎம் என்ற கணினியியல் வெளியீட்டாளரின் லேடெக் வகுப்பில் பெயர்களை மறைக்க அனானிமஸ் என்ற விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு நன்றியுரையை அதற்கான சூழலுக்குள் எழுதினால் அதுவும் மறையும், வெறும் பிரிவாக எழுதினால் மறையாது.

பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைவது மறைப்பு ஆகாது. கட்டத்துக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும், தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும்.

"எங்கள் முந்தைய ஆய்வில் [3]" என்பதை "[3]-இல் காட்டியபடி" என்று படர்க்கையில் எழுதுங்கள். குறிமுறைக் களஞ்சியத்தின் இணைப்பு, படத்தில் தெரியும் பயனர் பெயர், ஒப்புதல் எண், நிதி எண் இவையும் காட்டிக்கொடுக்கும். கேமரா-ரெடி நேரத்தில் இதற்கு எதிர்ப் பிழை வரும்: பெயர்களைத் திரும்பச் சேர்க்க மறப்பது, மதிப்பாய்வுக்கான வரி எண்களை விட்டுவைப்பது.

## என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை

ஸ்பிரிங்கர் போன்றோர் மூலக் கோப்புகளையும் கேட்கிறார்கள். அங்கே உடைவதற்குப் பெரும்பாலும் கோப்புப் பெயரே காரணம். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டில்லை. லினக்ஸில் இரண்டும் வேறு வேறு கோப்பு. பெயரில் இடைவெளியும் வேண்டாம். பிபிஎல் கோப்பையும் கூடவே அனுப்புங்கள். மின்டெட் போல வெளி நிரலை அழைக்கும் பேக்கேஜுகள் பல இடங்களில் அனுமதிக்கப்படுவதில்லை.

ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருந்தால் "யூனிகோடு எழுத்து அமைக்கப்படவில்லை" என்று வரும். பூஜ்ய அகல இடைவெளியாக இருந்தால் திரையில் எதுவும் தெரியாது. பிழை காட்டும் வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டச்சு செய்வதே வேகமான வழி.

ஆர்க்கைவ் என்ற முன்பிரதித் தளத்தில் மூலத்தோடு ஏற்றுபவர்கள் கவனிக்க: அங்கே மூலக் கோப்பை யார் வேண்டுமானாலும் இறக்கலாம், கமென்ட் வரிகள் உட்பட. "இந்த முடிவு ஏன் இப்படி வருகிறதென்று தெரியவில்லை" என்று நண்பருக்கு எழுதிய குறிப்பும் அதில் இருக்கும். ஏற்றும் முன் கமென்ட்களைத் துடைத்துவிடுங்கள்.

## எல்லாம் சரி, ஆனாலும் ஏற்க மறுக்கிறது

ஐட்ரிபிள்ஈயின் சோதனைத் தளமான பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் புக்மார்க்குகள் பற்றிப் புகார் சொன்னால் ஹைப்பர்ரெஃப் பேக்கேஜில் புக்மார்க்கை அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் பூட்டு இருந்தால் நீக்குங்கள். பிடிஎஃப் எக்ஸ்பிரஸுக்குள் நுழைய மாநாட்டுக்கென்று தனி அடையாள எண் வேண்டும், அது அழைப்பிலோ ஏற்புக் கடிதத்திலோ இருக்கும். அங்கே தேறிய பிரதி தானாக மாநாட்டுக்குப் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பெரும்பாலும் அதை இறக்கி மாநாட்டின் தளத்தில் நீங்கள்தான் ஏற்ற வேண்டும். ஏற்றியபின் ஓர் எழுத்துத் திருத்தினாலும் மறுபடி சோதனை.

படிவத்தில் உள்ள தலைப்பும் ஆசிரியர் வரிசையும் பிடிஎஃப்பில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், பதிப்புரிமைப் படிவத்திலும் அதேதான். மதிப்பாய்வுக்குப் பிறகு தலைப்பை மாற்றியவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

கெடு "ஏஓஈ" (எனிவேர் ஆன் எர்த்) என்று இருந்தால் அது யூடிசி−12 நேரம். அந்த நாளின் இரவு 11:59 என்பது யூடிசியில் மறுநாள் காலை 11:59. கூடுதல் நேரம் கிடைத்தது என்று கடைசி நிமிடம்வரை போகாதீர்கள், அந்த நிமிடத்தில்தான் எல்லோரும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிரதியை முந்தின நாளே ஏற்றிவிடுங்கள். கெடுவரை மாற்றி ஏற்ற பெரும்பாலான தளங்கள் விடும். ஏற்றியதும் அதே கோப்பைத் தளத்திலிருந்து திரும்ப இறக்கி, லேடெக்கோ வேர்டோ இல்லாத இன்னொரு கணினியில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பாருங்கள்.